அண்ணி எழுதிய டவுட்

கஞ்சிக்கா என்பது சலவைக்கூடத்தில் வைத்த பெயர். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் வண்டி வண்டியாக வந்து இறங்குகிற பெரிய கூடம் அது. ஒரு பக்கம் துவைப்பார்கள், நடுவில் காயவைப்பார்கள், கடைசியில் மூன்று ரோலர் மெஷின்களில் விட்டு இஸ்திரி போடுவார்கள். அதில் ஒன்றாம் நம்பர் ரோலரில் அவள் பதினேழு வருஷமாக நின்றாள். முதுகும் வளையாது, பேச்சும் வளையாது. கஞ்சி போட்ட விரிப்பு நடந்து வருவதுபோல் விறைப்பாக வருவாள். யாரோ ஒருத்தி சிரிப்புக்குச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவள் சொந்தப் பெயருக்கு வேலையில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த ஒன்றாம் நம்பர் ரோலர் தீப்பிடித்தது. பன்னிரண்டரைக்கு எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் புகை வந்தது. ரோலரைச் சுற்றியிருக்கும் கனத்த மெத்தைத்துணி கருகி, பக்கத்தில் அடுக்கியிருந்த விரிப்புகளில் தீ ஏறிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சுவர் முழுக்கக் கறுத்து, மேற்கூரை உருகித் தொங்கியது.

"சூட்டை நிறுத்தாம போயிட்டியா?" என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"நிறுத்திட்டுத்தான் போனேன்" என்றாள் கஞ்சிக்கா. அன்றைக்கு மட்டும் பத்துத் தடவையாவது அதையே சொல்லியிருப்பாள்.

சலவைக்கூடத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியிருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை வரும், அன்றைக்குக் கட்டடத்துக்குள் இருந்த எல்லாரும் தெரிந்ததை இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும், விசாரணை முடியும்வரை கஞ்சிக்கா வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு வந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்கு ஒரு தடித்த உறை வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததன் நகல்களும் உள்ளே இருந்தன. கஞ்சிக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு வரும். பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான்: நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், நான் பார்க்கவில்லை. கடைசித் தாளில் அண்ணியின் கையெழுத்து இருந்தது.

அண்ணி என்றால் அவள் அண்ணனின் மனைவி. அதே சலவைக்கூடத்து ஆபீசில் கணினியில் உட்கார்ந்திருப்பவள். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முன்பக்கம் அண்ணனும் அண்ணியும், பின்னறையில் கஞ்சிக்கா, நடுவில் ஒரே சமையலறை. அண்ணிக்கு அந்த ஆபீஸ் வேலை காலியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லி, மேனேஜரிடம் அழைத்துப்போனதே கஞ்சிக்காதான்.

அண்ணி எழுதியது நாலே நாலு வரி. பன்னிரண்டு நாற்பதுக்கு ஸ்டோரில் காகிதம் எடுக்க இஸ்திரிக் கூடம் வழியாகப் போனேன். அங்கே யாருமில்லை. மூன்றாவது வரி இப்படி இருந்தது: ஐ டவுட் ஷி லெஃப்ட் த ஹீட் ஆன். நாலாவது, அவள் என் கணவரின் தங்கை, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

டவுட். அந்த வார்த்தைக்கு யாரும் கஞ்சிக்காவுக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. சலவைக்கூடத்தில் அது ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்கும். போர்வை எண்ணிக்கை குறைந்தால், "எனக்கு லோடு ஏத்துறவன் மேலதான் டவுட்டு" என்பார்கள். சோப்புத்தூள் குறைந்தால், "யாரு மேல டவுட்டு?" என்பார்கள். அவள் சூட்டை அணைக்காமல் போய்விட்டாள் என்று எனக்கு டவுட். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே எழுதியிருக்கிறாள்.

தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவாள், அழுதால் நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எதைப் பார்த்தாலும் கண்ணில் ஒரு முள் உறுத்தியது.

காலையில் அண்ணி தேநீர் நீட்டினாள். வழக்கத்தைவிடப் பால் கூடுதலாக இருந்தது. ஏன்? மனசாட்சி குத்துகிறதோ? "சாப்பிட்டியா?" என்று மதியம் ஆபீசிலிருந்து போன் செய்தாள். இதுவரை ஒருநாளும் செய்ததில்லை. சாயங்காலம் வந்ததும் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். முன்பெல்லாம் நிமிர்த்தித்தானே வைப்பாள்? ஒருநாள் அண்ணி பின்னறை வாசலில் அளவு நாடாவோடு நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக்கா வந்ததும் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். சரிதான், வேலை போனால் அறையும் போகும் போலிருக்கிறது.

அண்ணனைத் தனியாகப் பிடித்தாள். அவர் பஸ் டிரைவர். ஸ்டீயரிங்கை விட்டுக் கீழே இறங்கிவிட்டால் எதிலும் தலையிட மாட்டார்.

"அண்ணே, அண்ணி என்ன எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"இங்கிலீஷ்ல எழுதினா. எனக்கு என்னம்மா தெரியும்?" என்றார். சொல்லும்போது ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த ஷூவுக்கு அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பாலிஷ் போட்டாயிற்று.

அடுத்த நாள் சாயங்காலம் முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குசுகுசுவென்று பேச்சு. ஒட்டுக்கேட்கிற பழக்கம் கஞ்சிக்காவுக்குக் கிடையாது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கதவோரம் மட்டும் நிதானமாகப் பெருக்கினாள். "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று அண்ணியின் குரல் கேட்டது.

இதையெல்லாம்விட அவளை அரித்தது வேறொன்று. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் தனியாக இருந்த பகல்களில், சமையலறைச் சுவர்முன் நின்று வலது கட்டைவிரலால் இல்லாத பட்டனை அழுத்திப் பார்ப்பாள். பதினேழு வருஷமாக ஒவ்வொரு மதியமும் அழுத்திய பட்டன். அழுத்திய ஞாபகம் ஆயிரமாயிரம் இருக்கிறது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அழுத்தியது எது? அதை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியவில்லை. விரல் சுவரில் அப்படியே நிற்கும். எல்லாரிடமும் விறைப்பாக "நிறுத்திட்டுத்தான் போனேன்" என்றவள், சுவரிடம் அப்படிச் சொல்ல முடியாமல் நின்றாள். அண்ணியின் மேல் வந்த கோபத்தில் பாதி அதனால்தான் என்பது அவளுக்கே லேசாகத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு வெள்ளைக்கார அம்மாள். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். பிறந்ததிலிருந்தே இங்கிலீஷ் பேசுகிறவள், தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், சரியான ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கேள்விகள் எதிர்பார்த்தவைதான். எத்தனை மணிக்குப் போனாய், கடைசியாக என்ன செய்தாய். கஞ்சிக்கா சொன்னதையே சொன்னாள். அதிகாரி தாள்களைப் புரட்டி, கடைசித் தாளில் விரல் வைத்து, முகத்தில் ஒரு கனிவோடு ஏதோ சொன்னாள்.

மொழிபெயர்ப்பாளர் மூக்கைத் துடைத்தார். தாளை எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த நேரத்துல கூடத்துக்குள்ள போனவங்க உங்க அண்ணி ஒருத்தங்கதான். நீங்க சூட்டை அணைக்காம போயிருப்பீங்கன்னு தான் நம்பலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அதைப் பெருசா எடுத்துக்குறதா மேடம் சொல்றாங்க."

கஞ்சிக்காவுக்குக் காதில் ஏதோ அடைத்தது போலிருந்தது. "யாரு நம்பலை?"

"உங்க அண்ணி."

"எதை நம்பலை?"

"நீங்க தப்பு பண்ணினீங்கங்கிறதை."

இப்போது வாயைத் திறந்து, 'இல்லம்மா, அவ அப்படி எழுதலை, என்மேல சந்தேகப்பட்டு எழுதியிருக்கா' என்று சொல்வதா? அவள் யோசித்து முடிப்பதற்குள் அதிகாரி பேனாவை மூடினாள். உங்கள்மேல் சொல்ல ஆதாரம் இல்லை, தீக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதி முடிக்கப்போகிறேன், திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள் என்றாள். கஞ்சிக்கா எழுந்து கும்பிடுகூடப் போடாமல் வெளியே வந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் நடைவழியில் தேநீர் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கஞ்சிக்கா நேராகப் போய் முன்னால் நின்றாள்.

"சார், அந்தத் தாளை ரெண்டு தடவை பாத்தீங்க. ஏன்?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்களுக்கும் தோணுச்சா?"

"டவுட்னா சந்தேகம்தானே? என்மேல சந்தேகம்னுதானே எழுதியிருக்கு?"

"அதுதான் சிக்கல். நம்ம ஆளுங்க யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா மேடம் மாதிரி ஆளுங்களுக்கு அது நேர்மாறு. 'அவ செஞ்சான்னு ஐ டவுட்'னு சொன்னா, 'அவ செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணலை'ன்னு அர்த்தம். செஞ்சிருப்பான்னு சொல்லணும்னா சஸ்பெக்ட்னு வேற ஒரு சொல்லு வெச்சிருக்காங்க."

"ஒரே சந்தேகத்துக்கு எதுக்கு சார் ரெண்டு சொல்லு?"

"நம்மகிட்டயும் ரெண்டு இருக்கே. 'விட்டுட்டாளான்னு சந்தேகம்', 'விட்டுட்டான்னு சந்தேகம்'. சொல்லிப் பாருங்க. ஒரு 'ளா' வந்தா ஒரு பக்கம், வராட்டி இன்னொரு பக்கம். நாம அதை வாலுல வெச்சிருக்கோம், அவங்க தலையில வெச்சிருக்காங்க." சொல்லிவிட்டு அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது, ஜலதோஷத்தையும் மறந்தார். "அந்த டவுட்டே ஒரு விநோதமான சொல்லு. லத்தீன்ல ரெண்டுன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தை உண்டு. அதோட சொந்தத்துல பிறந்தது இது. மனசு ரெண்டா நிக்கிறது. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்தப்போ, பயப்படுறதுன்னும் ஒரு அர்த்தம் இருந்துச்சு. அப்ப அதுல 'பி' எழுத்தே கிடையாது. பின்னால படிச்சவங்க யாரோ, லத்தீன்ல இருக்கேன்னு உள்ள செருகிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அதை யாரும் உச்சரிக்கிறதில்லை. அவங்க நாட்டுலயே வடக்குப் பக்கம் சில பேரு, நம்மளை மாதிரி 'அப்படித்தான் இருக்கும்னு பயமா இருக்கு'ங்கிற அர்த்தத்துல சொல்வாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும். எங்க அண்ணி எந்தப் பக்கம்?"

"அது அவங்களுக்குத்தாம்மா தெரியும். மேடம் படிச்சுச் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். என் வேலை அவ்வளவுதான்." ஒரு துண்டுக் காகிதத்தில் தன் நம்பரை எழுதி நீட்டினார். "ஏதாவது மாத்தணும்னா கூப்பிடுங்க. ஒரு வாரத்துக்குள்ள மாத்தலாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கஞ்சிக்கா யோசித்தாள். ஒரு வாரமாக ஒரு அண்ணிதான் இருந்தாள், காட்டிக்கொடுத்தவள். இப்போது இரண்டு அண்ணிகள். கூடுதல் பால் ஊற்றியது அன்பாகவும் இருக்கலாம், குற்ற உணர்ச்சியாகவும் இருக்கலாம். பேசாமல் விட்டுவிடலாமா? வேலை திரும்பிவிட்டது. கேட்காமல் இருந்தால் நல்ல அண்ணியையே வைத்துக்கொள்ளலாம். வீடு வருகிறவரை அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

வீட்டில் அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தி ஆபீஸ் வழியாக அதற்குள் வந்துவிட்டிருந்தது. "திங்கக்கிழமை வரலாம்னு சொல்லிட்டாங்களாமே!" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தாள். கண்ணில் நீர். அது வெங்காயத்தாலா வேறு எதாலா என்று கஞ்சிக்காவின் மனம் தானாகக் கணக்குப் பார்த்தது. அந்த நொடியே அவளுக்குத் தன்மேல் வெறுப்பாகிவிட்டது.

"அண்ணி, ஒண்ணு கேக்குறேன். நேராச் சொல்லணும். நான் சூட்டை அணைக்கலைன்னு எழுதினீங்களா, அணைச்சேன்னு எழுதினீங்களா?"

அண்ணி கையை விட்டாள். திரும்பிப் போய்க் கத்தியைக் கீழே வைத்தாள். சும்மா இருந்த அடுப்பை ஒருதரம் துடைத்தாள்.

"அணைக்கலைன்னுதான்" என்றாள் கடைசியில். "அணைக்காம போயிட்டியோன்னுதான் எழுதினேன்."

"அப்ப அந்த மேடம் தப்பா படிச்சதாலதான் எனக்கு வேலை."

"என்ன படிச்சாங்க?" அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. கஞ்சிக்கா சொன்னாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு குனிந்த தலையோடு பேசினாள்.

"உன் மெஷின்ல சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். அதை மறைச்சுப் பொய் எழுத மனசு வரலை. 'விட்டுட்டா'ன்னு அடிச்சு எழுதவும் கை வரலை. அந்த ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். டவுட்னு போட்டா பாதிதானே சொன்ன மாதிரின்னு நினைச்சேன்."

"சூடு போயிட்டு இருக்குங்கிற லைட்டு அது. பாத்துட்டு ஏன் யாரையும் கூப்பிடலை?"

"எனக்கு அந்த மெஷினைப் பத்தி என்ன தெரியும்? லைட்டுன்னா கரண்டு இருக்குன்னு போயிட்டேன். பத்து நிமிஷத்துல புகை. அன்னைலேருந்து நான் தூங்கலை. பாத்துட்டுப் பேசாம வந்தவ நான். அதைத்தான் உன்கிட்ட சொல்லிடாதீங்கன்னு உங்க அண்ணன் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன்."

கஞ்சிக்காவுக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. பத்து நிமிஷம்! திட்ட வாயெடுத்தவள் பாதியில் நின்றாள். பதினேழு வருஷம் அந்த மெஷினோடு நின்றவளின் மூளை வேறெங்கோ ஓடியது.

"அண்ணி, நீங்க போனப்ப அங்க சத்தம் இருந்துச்சா?"

"என்ன சத்தம்?"

"ரோலர் சத்தம். கடகடன்னு சுத்திட்டு இருந்துச்சா?"

"இல்லையே. கூடமே அமைதியா கிடந்துச்சு. என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டு, யாரோ பின்னால வர்றாங்கன்னு திரும்பிப் பாத்தேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா? ரோலர் நின்னுருந்துச்சு, லைட்டு எரிஞ்சுச்சு?"

"ஆமா. ஏன் அப்படிப் பாக்குற?"

கஞ்சிக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதுகு முதல் முறையாகச் சுவரில் சாய்ந்தது.

"அதுல ஒரே பட்டன்தான் அண்ணி. அதை அழுத்தினா ரோலரும் நிக்கணும், சூடும் நிக்கணும். அழுத்தாம போனா ரோலர் சுத்திக்கிட்டேதான் இருக்கும், அந்தச் சத்தத்துல உங்க செருப்பு கேட்டிருக்காது. ரோலர் நின்னுருக்குன்னா நான் அழுத்தியிருக்கேன். நான் அழுத்தியிருக்கேன்!" இரண்டாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. "சூடுதான் நிக்கலை. தப்பு மெஷின்ல."

"அப்ப இதை நான் முழுசா எழுதியிருந்தா..." என்று அண்ணி ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ரெண்டாம் நம்பரும் மூணாம் நம்பரும் இதே மாதிரி மெஷின்தான், ஒண்ணா வாங்கினது" என்றாள் கஞ்சிக்கா. "இப்பவும் ஓடிக்கிட்டு இருக்கு. அங்க ஆறு பேரு நிக்கிறாங்க."

அடுத்து நடந்தது எளிதாக நடக்கவில்லை. அண்ணி பயந்தாள். ஒருதரம் ஒன்று எழுதிவிட்டு இப்போது வேறு எழுதினால் பொய்க்காரி என்பார்கள், நாத்தனாரைக் காப்பாற்றக் கதை கட்டுகிறாள் என்பார்கள், உனக்குத் திரும்பி வந்த வேலையும் போய்விடும் என்றாள். கஞ்சிக்காவுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. அப்போதுதான் வேலை முடிந்து வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரேக் சரியில்லாத பஸ்ஸை எடுத்துட்டுப் போங்கன்னு நான் இன்னொரு டிரைவர்கிட்ட கொடுப்பேனா?" என்றார். அந்த வீட்டில் ஒரு விஷயத்தில் அவர் வாயைத் திறந்து அபிப்பிராயம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று அண்ணி பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மொழிபெயர்ப்பாளரைப் போனில் கூப்பிட்டார்கள். அவர் தும்மிக்கொண்டே சொன்னார்: "தமிழ்லயே எழுதுங்க. நினைச்சதை எழுதாதீங்க, பாத்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்க. மாத்துறது என் பாடு." அண்ணி எழுதினாள். எத்தனை மணி, எந்த வாசல் வழியாக, எந்த லைட், என்ன அமைதி, செருப்புச் சத்தம், திரும்பிப் பார்த்தது எல்லாம். முதல் தாளில் எழுதிய வரிக்கு நாத்தனாரின்மேல் சந்தேகப்பட்டேன் என்பதுதான் அர்த்தம் என்றும் எழுதினாள். அந்த இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. கஞ்சிக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவே தாளைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையிலேயே ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்களையும் நிறுத்திவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்து ஒன்றாம் நம்பரின் இரும்புப் பெட்டியைத் திறந்தார். சூட்டுக்கு மின்சாரம் விடுகிற இரண்டு செம்புத் துண்டுகள், பட்டனை அழுத்தினாலும் பிரிய முடியாதபடி பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தன. மூன்றாம் நம்பரிலும் அதே துண்டுகள் பாதி கருகியிருந்தன. இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ தாங்கியிருக்கும் என்றார். மூன்றாம் நம்பரில் நிற்கிற பெண் அதைக் கேட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

வெள்ளைக்கார அதிகாரி அண்ணியை அழைத்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். திட்டுவாள் என்று அண்ணி நடுங்கிக்கொண்டு போனாள். அவளோ தன்னுடைய பேனாவால் முதல் தாளின் அந்த ஒரு சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 'நான் என் ஊர் வழக்கப்படி படித்துவிட்டேன், உங்களைக் கேட்டிருக்க வேண்டும்' என்று மொழிபெயர்ப்பாளரைச் சொல்லச் சொன்னாள். லைட்டைப் பார்த்துச் சொல்லாமல் போனதற்கு அண்ணிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி யாரும் அவரவர் மொழியிலேயே எழுதித் தரலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாளும் ஒட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, புது மெஷின் வந்த அன்று, இருவரும் ஒன்றாகவே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்கள். பின்னறை ஜன்னலுக்குத் திரை வாங்கத்தான் அளவு எடுத்தேன் என்று அண்ணி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். திரையும் வந்து தொங்கியது. ஆனாலும் பேச்சு இன்னும் பழைய மாதிரி தடையில்லாமல் வரவில்லை. வாசல் கேட் நெருங்கும்போது அண்ணி நடையைக் குறைத்தாள்.

"ஒரு வாரத்துக்கு மேல ஒரே அடுப்படியில நின்னோம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே நீ."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அண்ணி அடையாள அட்டையைப் பையில் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"தெரியலை" என்றாள்.

கஞ்சிக்கா தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. இருவரும் உள்ளே போனார்கள்.